குழியோரம் குவித்த மண்

வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட நான் கூட்டியதில்லை. எல்லாம் அவளே என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சாவகாசமாகச் சொன்னது.

அகழாய்வுக் குழியில் இறங்கித் தோண்டிக்கொண்டிருந்த அவள் கண்ணை முதலில் உறுத்தியது மண்குவியல்தான். அள்ளிய மண்ணைத் தள்ளிக் கொட்ட வேண்டும். விளிம்பில் குவித்தால் சரிந்து தோண்டுகிறவர் தலையிலேயே விழும். ஆயுள் முழுக்க அகழாய்வு செய்த அவள் பெரியப்பாவுக்கு இது தெரியாதா? ஒவ்வொரு கூடையையும் குழியின் உதட்டிலேயே கவிழ்த்தார்.

“என்ன பெரியப்பா, என்னைப் புதைக்கறதா உத்தேசமா?”

“திரும்ப மூடணும்ல பாப்பா. இந்த வயசுல யாரு சுமந்துட்டு நடப்பா?”

மலைச்சரிவில் கூரைபோல் நீண்ட பாறை. அதன் நிழலில் கற்கால மனிதர்கள் ஒதுங்கி வாழ்ந்த இடத்தில், அவள் பிறப்பதற்கு முன்பே இதே குழியைத் தோண்டிப் பெயர் வாங்கியவர் அவர். அடியில் பாறை தட்டிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று சொல்லி மூடிவிட்டார். அது பொய் என்று மேலிடத்தில் சவால் விட்டுத்தான் அவள் மறுபடி தோண்ட அனுமதி வாங்கியிருந்தாள். தோற்றால் வேலை போகும். அப்படியிருந்தும் கூடை தூக்க அவரே வந்து நின்றதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

அன்று அவர் நிரப்பிய மண் பொலபொலவென்று வந்தது. வெளியே உச்சிவெயில் வெள்ளையாகக் காய்ந்தாலும், இடுப்பளவு இறங்கியதும் ஈரச்சாக்கு நாற்றமும் வௌவால் எச்சத்தின் காட்டமும், அவற்றுக்கும் அடியிலிருந்து, யாரோ அப்போதுதான் விலக்கி எழுந்த போர்வையின் வெதுவெதுப்பும் முகத்தில் ஏற, மேலே பெரியப்பாவின் செருப்பு குழியைச் சுற்றிச் சுற்றி உரசுவது மட்டும் கேட்டது.

கழுத்தளவு ஆழத்தில் பழைய குழியின் சுவர் தெரிந்தது. கொத்துக்கரண்டி சுரண்டிய தடங்கள் இருக்க வேண்டும். இருந்தன. ஆனால் தோண்டுகிறவன் மேலிருந்து கீழே சுரண்டுவான். இவை கீழே ஆழமாக ஊன்றி, மேலே ஏறியிருந்தன. நான்கு நான்கு கோடுகளாக.

“பெரியப்பா, இத எதால தோண்டினீங்க?”

செருப்புச் சத்தம் நின்றது.

“நான் எங்கம்மா தோண்டினேன்? வந்தப்பவே குழி இருந்துச்சு. மூடினதுதான் நான். பேரு தானா வந்துச்சு, வாங்கி வெச்சுக்கிட்டேன்.”

ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

“அப்போ தோண்டினது யாரு?”

“அதை யாரும் கேக்கக் கூடாதுன்னுதான் பாறைன்னு சொன்னேன்.”

காலடியில் மண் நெகிழ்ந்தது. கீழே யாரோ சுரண்டினார்கள். நிதானமாக. பழகிய கை.

ஏணியைத் தேடினாள். அது மேலே இருந்தது.

“பாப்பா... காலைப் பிடிச்சிடுச்சா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பிடித்தது. வெதுவெதுப்பாக. நான்கு விரல்.

மேலே மண்வாரி பாறையில் உரசியது. குவியல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெரியப்பா அழுதுகொண்டே வாரினார். தலையில் மண். தோளில் மண். கணுக்காலில் அந்தப் பிடி.

அந்தக் குழியை அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னபோதும் சரி, இப்போதும் சரி, அவள் அதற்குள்தான் இருக்கிறாள்.