படம் எடுப்பவர்

"அக்கா, போன வாரம் அனுப்பின போட்டோ ரொம்ப கிளியரா இருக்கு. எடுக்கிறவங்க விரல் மட்டும் ஓரத்துல விழுது. கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க லா" என்றாள் ஆய்வுக் குழுவின் ரக்‌ஷனா, போனில்.

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் தையற்கடையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்த சந்திரமதியின் கை நின்றது. போன வாரம் அவள் எதையும் அனுப்பவில்லை.

அவள் முதுகின் நடுவே ஒரு கரும்படை. வாராவாரம் அதைச் செயலியில் படமெடுத்து அனுப்பினால், தோல் ஆய்வுக் குழு இருந்த இடத்திலிருந்தே கவனித்துக்கொள்ளும். எடுத்துக்கொடுத்தது மகள் தாரணி. அவள் படிக்க மெல்பர்ன் போனபின் பொங்கோல் வீட்டில் சந்திரமதி தனியாள். அக்கா சுசீலாவைக் கொண்டுபோனதும் இப்படி ஆரம்பித்த ஒரு படைதான். அந்தப் பயத்தில்தான் ஆய்வில் சேர்ந்தாள்.

"பரவியிருக்கா?"

"கொஞ்சம். அந்த விரல் இருக்கிற பக்கமாத்தான். டாக்டர் பாத்துட்டுச் சொல்வாரு, பயப்படாதீங்க."

நான் அனுப்பவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆய்விலிருந்து நீக்கிவிட்டால்? போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மழையோடு வீடு திரும்பினாள். கதவைத் திறந்ததுமே, காலையில் பூட்டிவிட்டுப் போன கூடத்தில், காயாத துணியின் புழுங்கல் வாடை அடித்தது; மின்விசிறியைச் சுழலவிட்டும் அது கலையாமல், சோபாவுக்குப் பின்னால் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. துவைத்த துணி எதுவும் வீட்டில் இல்லை.

செயலியைத் திறந்தாள். படம் இருந்தது. அவள் முதுகுதான், படுத்திருக்கும் முதுகு. படையை ஒட்டி, அளவுக்காகக் குழு கொடுத்த சின்ன ஸ்டிக்கர், நேராக. அவள் கை எட்டாத இடம் அது. ஓரத்தில் நீளமாக ஒரு விரல், நகமே இல்லாமல். படத்துக்குக் கீழே செயலி குறித்திருந்தது: 'எடுத்தவர்: வேறொருவர்.'

கைப்பேசியைக் கூடத்து மேசையில் போட்டுவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினாள். கண்ணாடிக்கு முதுகு காட்டி, ரவிக்கையை இறக்கி, கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டிக்கர் இருந்தது. ஓரம்கூட உரியவில்லை.

கூடத்தில் கைப்பேசி பேசியது. செய்தி வாசிப்பவள்போல் சுத்தத் தமிழ் பேசும் செயலியின் குரல்; தாரணி அதைப் பேசிக்காட்டிச் சிரிப்பாள்.

"வணக்கம். படம் எடுப்பவர் சற்று அருகில் வரவும்."

கதவைச் சாத்தவேண்டும். கால் வரவில்லை.

"இன்னும் அருகில்."

குரல் இப்போது கூடத்தில் இல்லை. அறை வாசலில். காலடிச் சத்தமே இல்லை. அந்த வாடை மட்டும் உள்ளே வந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தால் கண்ணாடியில் தெரிந்துவிடும். தாரணி, தாரணி என்று முணுமுணுத்தாள்.

"அசையாதீர்கள்."

படையின் ஓரத்தில் ஈரமாக ஏதோ அழுத்தியது.

க்ளிக்.

"நன்றி. முதுகு முடிந்தது." குரல் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. "அடுத்தது முகம். கண்களைத் திறந்து, படம் எடுப்பவரைப் பார்க்கவும்."

மாட்டேன். மாட்டேன்.

"கண்களைத் திறக்கவும்."

ஈர விரல் ஒன்று அவள் இமையைத் தொட்டது. மெல்ல, மேலே தூக்கியது.