இரண்டு தட்டு

மாடி அறையின் மற்ற மூன்று சுவர்களும் சாதாரணமாகத்தான் இருந்தன. நான்காவதில் மட்டும், ஜன்னலுக்கும் சுவிட்சுப் பெட்டிக்கும் நடுவே ஓரிடம், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

"இப்படித்தான் இருக்குமாண்ணே?" என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். "குளிர் வராம இருக்கத்தானே பஞ்சு அடிச்சீங்க? இங்க மட்டும் அடுப்பு பக்கத்துல நின்ன மாதிரி இருக்கு."

"பாத்துடலாம்மா" என்றான் பஞ்சுக்காரன். எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பழைய வீடுகளின் சுவருக்கு உட்புறம் பலகைச் சுவர் எழுப்பி, இடைவெளியில் காகிதத்தை அரைத்த பஞ்சை இயந்திரத்தால் ஊதி நிரப்புவது அவன் தொழில். கையைச் சுவரிலிருந்து எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். கேட்க வேண்டாம் என்று நினைத்ததை வாய் கேட்டுவிட்டது. "உங்க தம்பி வந்துட்டாராம்மா?"

"எங்க வந்தான்! நீங்க வேலை பாத்தீங்களே, அன்னிக்குக் காலையில எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. கோவிச்சுக்கிட்டு எங்கயாவது போய் உக்காந்திருப்பான். போனைக்கூட விட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க." அவள் மாடிப்படி இறங்கிப் போனாள்.

அந்தத் தம்பி கோபித்துக்கொண்டு போகவில்லை. அன்று பரணுக்குக் கீழே நின்று, "சுவர் இடைவெளிக்குள்ள தொங்குற பழைய ஒயரை யாராவது உருவிட்டா நல்லது" என்று சொன்னவன் பஞ்சுக்காரன்தான். "நான் பரண் வழியா உள்ள இறங்கி எடுத்துடறேன், அதுல என்ன" என்று சிரித்தவன் தம்பி.

ஊதுவதற்கு முன்னால் துளை வழியே விளக்கடித்து உள்ளே பார்ப்பது தொழிலின் முதல் பாடம். அன்று மழை கருக்கிக்கொண்டு நின்றது. நனைந்தால் பஞ்சு பாழ். பார்க்காமலே ஏணியில் ஏறி, வெளிச்சுவரின் துளைக்குள் குழாயைச் செருகினான். அறைக்குள் அவன் மச்சான், பலகை புடைக்கிறதா என்று கைவைத்துப் பார்க்க வேண்டும். பலகையில் ஒரு தட்டு என்றால் ஊது. இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

ஒரு தட்டு கேட்டது. ஊத ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு. மறுபடியும் இரண்டு. மறுபடியும், மறுபடியும். மச்சான் ஒரு பயந்தாங்கொள்ளி என்று அலுத்துக்கொண்டு விசையைக் கூட்டினான்.

இறங்கி வந்து திட்டியபோது மச்சான் விழித்தான். "நானா தட்டுனேன்? ஒரு தட்டு தட்டிட்டு, தார்ப்பாய் எடுக்க வண்டிக்குல்ல போனேன்!"

அந்த நிமிடமே பலகையைப் பிடுங்கியிருக்கலாம். எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துளையைச் சிமெண்டால் பூசினான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இப்போது அறையில் சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. சுவிட்சுப் பெட்டியின் திருகுகளைக் கழற்றினான். ஈரக் காகிதத்தின் வாடை, அதற்கடியில் வேறொரு வாடை. ஓட்டையில் சாம்பல்நிறப் பஞ்சு தெரிந்தது. அது உள்ளே போனது. வெளியே வந்தது. மெதுவாக, தூங்குகிறவனின் மார்பு மாதிரி, மறுபடியும் உள்ளே போனது.

"என்னண்ணே, ஏதாவது தெரியுதா?" கீழிருந்து அவள் குரல்.

சொல்லிவிடு என்றது மனசு.

"ஒண்ணும் இல்லம்மா. ஒயர் சூடு."

அவசர அவசரமாகத் திருகுகளை முடுக்கினான். கடைசித் திருகு இறுகியதும் பலகைக்குப் பின்னாலிருந்து கேட்டது.

ஒரு தட்டு.

எங்கோ இயந்திரம் உறும ஆரம்பித்தது. இயந்திரம் இருக்கும் வண்டியையே அவன் கொண்டு வரவில்லை. பஸ்ஸில் வந்திருந்தான். சுவிட்சு இடுக்கிலிருந்து பஞ்சு கொட்டியது. கூரை விளிம்பிலிருந்து கொட்டியது. கதவுக்கு ஓடினான். கதவு அசையவில்லை. கணுக்கால். முழங்கால். இடுப்பு. கத்த வாயைத் திறந்தான். வாய் நிறையப் பஞ்சு.

கை மட்டும் கதவுக்கு எட்டியது. இரண்டு தட்டு தட்டினான். மறுபடியும் இரண்டு. மறுபடியும், மறுபடியும்.

"தட்டிப் பாக்கறீங்களாண்ணே?" கீழிருந்து அவள் சொன்னாள். "பாருங்க பாருங்க, மெதுவாவே பாருங்க."