பெயர் ஏற்கனவே உள்ளது

கணினி வேலைக்கு முதிந்தா வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. சோமா நகருக்கு வெளியே இருந்த பழைய ஆஸ்பத்திரியில், ஒரு காலத்துக் காசநோய் வார்டுதான் இப்போது கணினி அறை. ஃபினாயில் வாடை போகவில்லை. இருந்தது ஒரே நாற்காலி. ஆறு மணி நேரம் பஸ்ஸில் நின்றே வந்தவள், கேட்காமல் உட்கார்ந்தாள்.

"அது பா மும்பா இடம்," என்றாள் நர்ஸ் நமுகோலோ. "உனக்கு முன்னாடி இங்க கணினி பாத்தவரு. மூணு வருஷம் ஒத்தை ஆளா உழைச்சாரு. கடைசில எலும்பும் தோலுமா அதுலயே சாய்ஞ்சு செத்துக் கிடந்தாரு. லீவு கேட்டா யாரு குடுத்தா?"

லீவு தராதவர்கள் மேல் முதிந்தாவுக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டத் தெம்பில்லை.

போன வாரம் ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து ஏறிவிட்டது. இன்று ஐந்து மணி மருந்து கொடுப்பதற்குள், நோயாளியின் எடைக்கு மீறிய மருந்தளவை அடித்தால் திரையில் எச்சரிக்கைப் பெட்டி வந்து மறிக்க வேண்டும். சர்வரில் எழுதிய அந்தத் துண்டு நிரலுக்கு ஒரு பெயர் வைத்து, வார்டுத் திரையில் வரும் மருந்துப் பக்கத்தோடு அனுப்பினாள். அதே பெயரில் ஒன்று முன்பே இருந்தால், பின்னால் வருவதைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுவது சர்வரின் வழக்கம்.

பெட்டி வரவில்லை.

"பட்டம் வாங்கின பொண்ணுக்கு ஒரு பெட்டியை வரவைக்க முடியலையா?"

"சும்மா இருங்க சிஸ்டர். எங்க வீட்டுல கணினியைத் தொட்ட முதல் ஆளே நான்தான்."

நமுகோலோ சிரித்துக்கொண்டே வார்டுக்குப் போனாள். முதிந்தா சோதித்தாள். பெயர் ஏற்கனவே உள்ளது.

வேறு பெயர். உள்ளது.

கண்ணை மூடி, கை போன போக்கில் தட்டினாள். உள்ளது.

பிறக்கும்போதே இறந்த தங்கைக்கு அம்மா வைத்திருந்த பெயர். அம்மா முதிந்தாவின் காதில் மட்டும் சொன்னது.

உள்ளது.

நாற்காலியின் முதுகு மெல்லப் பின்னால் சாய்ந்தது.

அவள் சாயவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம். தன் நிரலை மொத்தமாக அழித்தாள்.

"நீங்களே பாத்துக்கங்க, பா மும்பா," என்று கிசுகிசுத்தாள். "புள்ளைங்க பாவம். என்னால முடியல."

வார்டிலிருந்து போன்.

"வந்துருச்சு! வேணும்னே தப்பா அடிச்சேன், டக்குனு மறிச்சிருச்சு. கெட்டிக்காரிதான் நீ!" நமுகோலோவின் குரல் தணிந்தது. "ஆனா ஏழாம் படுக்கைக்கும் பெட்டி வருதே. அது காலி. எடை அம்பத்தொண்ணு கிலோன்னு காட்டுது. குழந்தைங்க வார்டுல யாரும்மா அது?"

ஐம்பத்தொன்று முதிந்தாவின் எடை. இந்த ஊரில் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"இரு," என்றாள் நமுகோலோ. "இப்ப நாப்பத்தொம்பதுன்னு மாறுது."