அடுப்பங்கரையில் ஓர் இருதயம்

ஜுபைதா பீவி விடிந்ததும் வாயைத் திறந்துவிட்டால் மேலப்பாளையத்தில் அந்தத் தெருவுக்கே வேறு செய்தி வேண்டாம்! தம்பி நூர்முகம்மது சவூதியின் தம்மாமிலிருந்து லீவில் வந்து இறங்கியது முந்தின நாள்தான். பயணக் களைப்பு தீருமுன்னே, தேத்தண்ணீரோடு சேர்த்துப் புகாரையும் கையில் கொடுத்துவிட்டாள்.

“கேட்டியா தம்பி… பத்தாங்கிளாஸ் படிக்க பிள்ளைய ஒன் பொண்டாட்டி டியூசன விட்டு நிறுத்திட்டா! சாயங்காலமானா தாயும் மவளும் அடுப்பங்கரையில ஒக்காந்து கதை பேசுதாங்க. நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க!”

கறி அரிந்துகொண்டிருந்த அவன் மனைவி சித்தி ஜனாபா தலையை நிமிர்த்தவில்லை. நூர்முகம்மது அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றான்.

“ஏளா, நெசமா? நான் அங்கன வெயில்ல கெடந்து வேகுதது யாருக்காக? எட்டாங்கிளாசோட நின்னவ நீ… படிப்பப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

“நான்தான் நிறுத்தினேன். தப்பு எம்மேலதான்…” என்றாள் அவள்.

உண்மை வேறு. ஆனால், ‘வாப்பாட்ட சொல்லிராதீங்க உம்மா!’ என்று மடியில் விழுந்து அழுத மகளைப் பெற்றவள் காட்டிக்கொடுப்பாளா? கண்ணீர் அரிவாள்மணைமேல் சொட்டியது.

“நாளைக்கே பிள்ளைய நாரோயில்ல ஆஸ்டல்ல சேக்கேன். அங்கன ராத்திரி பகலா டியூசன் எடுக்காங்க. ஒங்கிட்ட இருந்தா உருப்படாது!”

கதவுக்குப் பின்னால் நின்ற மகள் ஷம்ஸியா அதற்குமேல் பொறுக்கவில்லை. உள்ளே வந்து, கறியோடு கிடந்த ஆட்டு இருதயத்தைக் கையில் எடுத்தாள். மேலே நீட்டிக்கொண்டிருந்த தடித்த குழாயின் வாயில் தண்ணீரைப் பைய ஊற்றினாள்.

“பாருங்க வாப்பா. இது ரத்தம் வெளிய போற வழி. தண்ணி உள்ள எறங்காது.”

இறங்கவில்லை! குழாயின் வாயிலேயே தளும்பி நின்றது.

“உள்ள மூணு சின்னக் கதவு இருக்கு. ரத்தம் வெளிய போகையில தெறக்கும். திரும்பி வரப் பாத்தா மூடிக்கிடும். நாம பெறக்கதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சது, இன்னும் நிக்கல…”

“சுபுஹானல்லாஹ்!” என்றாள் சித்தி ஜனாபா, அழுகையை மறந்து. மகள் சொல்லிக் கேட்ட பாடம்தான். கண்ணால் காண்பது இன்றுதான்.

நூர்முகம்மது தன்னையறியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். “ஏம்மா… நான் அங்கன ஒத்தையில கெடந்து தூங்கையிலயும் இது தெறந்து தெறந்து மூடுமா?”

“ஆமா வாப்பா.”

“கதவு பழுதானா என்னளா ஆவும்?” தம்பியின் பின்னாலேயே வந்து நின்ற ஜுபைதா பீவியின் கை அவள் நெஞ்சுக்குப் போயிருந்தது.

“போன ரத்தம் திரும்பி வந்துரும் மாமி. அதையும் சேத்துத் தள்ளித் தள்ளி இருதயம் களச்சுப்போவும்.” ஷம்ஸியாவின் குரல் உடைந்தது. “காலாண்டுப் பரீட்சையில இதத்தான் கேட்டாங்க. எனக்கு எழுதத் தெரியல… ஃபெயிலாயிட்டேன். டியூசன்ல இதே பாடத்துக்கு நூத்துக்கு நூறு! சார் குறிச்சுத் தந்த கேள்விக்கு ஒப்பிச்சா போதும், வெளங்கவே வேண்டாம். டியூசன் வேண்டாம்னு அழுதது நான்தான் வாப்பா. உம்மா எனக்காகப் பழி சுமக்காங்க! ‘அது ஏன்ளா, இது ஏன்ளா’ன்னு உம்மா விடாம கேப்பாங்க. அவங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லிச் சொல்லித்தான் எனக்கே வெளங்குச்சு!”

நூர்முகம்மது மனைவியின் ஈரக் கையைப் பற்றிக்கொண்டான்.

“எட்டாங்கிளாசுன்னு சொல்லிட்டேனே… ஒரு வார்த்த எதுத்துப் பேசலியே நீ! என்னப் பொறுத்துக்களா…”

அவ்வளவுதான், அத்தனை நாள் அடக்கியதெல்லாம் உடைந்து, அவன் தோளில் சாய்ந்து விம்மினாள் சித்தி ஜனாபா. ஜுபைதா பீவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பிள்ள எங்கயும் போவேண்டாம்,” என்றான் அவன். “சாயங்காலம் இங்கன எனக்கும் கொஞ்சம் எடம் போடு. என்ன பாடம்?”

“மூளை,” என்றாள் சித்தி ஜனாபா, அழுகைக்குள்ளேயே சிரித்து. “கறிக்கடையில இருந்தா ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

கூடையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டான் நூர்முகம்மது. தெருமுனை திரும்பும்வரை அவனுடைய இன்னொரு கை நெஞ்சின் மேலேயே இருந்தது.