தணிகாசலத்தின் சொந்த நடை

சீரியலில் தணிகாசலம் எழுந்து நடக்கும்போதெல்லாம் அவர் மனைவி மீனலோசனி டீவியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வேற்று ஆளின் நடையை உற்றுப் பார்ப்பது முறையில்லை என்பது அவள் கட்சி. "மூஞ்சி உங்களது. சட்டை நான் தேச்சுக் குடுத்தது. நடக்கிறது மட்டும் யாரோ" என்பாள்.

தப்பு அவர்மேல் இல்லை. தணிகாசலத்துக்குப் பிறவியிலேயே இடக்கால் நான்கு விரற்கடை குட்டை. தெருவில் அவர் வந்தால் அலைமேல் தோணி வருவதுபோல் இருக்கும். ஆனால் எந்தக் காட்சியும் 'செம்மி' வழியாகத்தான் வீடுகளுக்குப் போகவேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். செம்மி, காட்சி திருத்தும் எந்திரம். மாறுகண், திக்குவாய், தொப்பை, தூணில் விரிசல், எதையும் விட்டுவைக்காது. பார்க்கிறவர் மனம் நோகக் கூடாதாம். செட்டில் தணிகாசலம் விந்தி நடப்பார். திரையில் ராணுவ அணிவகுப்பில் போவார். இத்தனை காலம் நடித்தும் தெருவில் ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரிந்ததில்லை; முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்களும் நடையைப் பார்த்து விட்டுவிடுவார்கள். கத்தரிக்காய் பேரம் பேச அது வசதியாகத்தான் இருந்தது.

இதோடு போதும் என்று அவர் ஒப்புக்கொண்ட கடைசி சீரியலில்தான் வம்பு வந்தது. அதில் அவருக்குக் கால் ஊனமான பெரியப்பா வேடம். முதலில் செம்மி அவர் நடையை நேராக்கிவிடும், பிறகு நடைக்கிடங்கிலிருந்து அனுமதி பெற்ற நொண்டல் ஒன்றை எடுத்து அவருக்கு ஒட்டுவோம் என்று டைரக்டர் நப்பின்னை விளக்கினாள். ஒட்டியும் காட்டினாள். ஏதோ கடற்கொள்ளைக்காரனுக்காகச் செய்து வைத்த நொண்டல். போதாக்குறைக்கு வலக்காலில்.

தணிகாசலம் அந்தக் காட்சியை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, நொண்டுறதுக்கு என்கிட்ட இல்லாததா? அதைப் போயி கிடங்குல எடுப்பாங்களா?"

"சட்டம்ணே. நான் என்ன செய்ய?"

"போறதுக்குள்ள ஒரு தடவையாவது என் காலோட டீவில நடந்துட்டுப் போறேன். வீட்டுல ஒருத்தி பாக்கணும்."

அப்போதுதான் அவருக்குப் பழைய சங்கதி ஒன்று நினைவு வந்தது. ஒரு கோடையில் நடிகர்கள் எல்லோருக்கும் மெட்ராஸ் ஐ. தப்பித்தவர் தணிகாசலம் ஒருவரே. செம்மி அத்தனை சிவந்த கண்களையும் பார்த்தது, யோசித்தது, கடைசியில் அவர் கண்ணைச் சிவப்பாக்கி ஒளிபரப்பியது. கூட்டத்தில் பெரும்பாலோர் எப்படியோ, அதுதான் அதற்குச் செம்மை.

கல்யாண ஊர்வலக் காட்சியில் எல்லோரும் தன்னைப்போல் நடந்தால் என்ன என்று கேட்டார். கதையில் அதற்குக் காரணம் வேண்டாமா என்றாள் நப்பின்னை. "எங்க குடும்ப வழக்கம்னு ஒரு வரி சேர்த்துடு. சீரியல்ல அதுக்கு மேல எவன் கேக்கப் போறான்?"

கடல் ஊர்களை விழுங்கிக்கொண்டு அதற்குள் செங்கல்பட்டுக்கே வந்திருந்ததால், அந்தக் கடற்கரையிலேயே ஒத்திகை நடந்தது. மாமியார் வேடக்காரம்மாவுக்கு அதில் தீராத இடுப்பு வலி தீர்ந்தது. ஊர்வலத்தில் மாப்பிள்ளை விந்தினார், நாதஸ்வரக்காரர் விந்தினார், ஐயர் சொம்புத் தண்ணீர் சிந்தாமல் விந்தினார். யானை மட்டும் நேராக நடந்தது. செம்மிக்குப் பொறுக்கவில்லை, யானையின் நடையைத் திருத்தி இடப்பக்கம் சாய்த்துவிட்டது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம், யானைக்கு அதனால் நஷ்டமில்லை.

கற்றதை அந்த எந்திரம் எளிதில் விடுவதுமில்லை. ஊர்வலக் காட்சி செம்மிக்குள் போய்வந்த அன்றே மாலைச் செய்தியில் மந்திரிகள் வரிசையாக விந்தி மேடையேறினார்கள். விசாரித்ததற்கு, அவர்கள் இவ்வளவு நாள் தவறாக நடந்துவந்தார்கள் என்று செம்மி பதில் அனுப்பியது.

செய்தி முடிந்து சீரியல் வந்தது. மீனலோசனி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊர்வலம் தொடங்கியதும் வழக்கம்போல் முகத்தைத் திருப்பப்போனவள் பாதியில் நின்றாள். கத்தி தட்டில் இறங்கியது. தோணி மெல்ல அசைந்து திரையின் நடுவுக்கு வந்தது.

தணிகாசலத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து இரண்டடி வைத்தார்.

"செத்த மறைக்காம உக்காருங்களேன்," என்றாள் மீனலோசனி, கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டுக்காரர் நடந்து வர்றாரு."