பின்சீட்டின் எடை

பழைய வண்டியின் பின்பக்க ஃபுட்ரெஸ்ட் மறுபடியும் கீழே இறங்கியிருந்தது.

நேற்று ராத்திரி அதைக் குதிகாலால் உதைத்து மேலே மடக்கிவிட்டுத்தான் அவன் படுக்கப் போனான். முந்தாநாளும் அப்படித்தான். துருவேறி இறுகிப்போன ஃபுட்ரெஸ்ட் அது. மடக்குவதற்கே ஓர் உதை வேண்டும், தானாக இறங்க வழியே இல்லை. பக்கத்தில் புது வண்டி நின்றது. வாங்கி ஐந்து நாள்தான் ஆகிறது, சீட்டின் மேல் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் கழற்றவில்லை, ஷெட் முழுக்கப் புது ரப்பர் வாசனை. ஆனால் அந்த வாசனைக்கு அடியில், ஈரத் துணியை மடித்து வைத்துவிட்டு மறந்தால் வருமே, அந்த நாற்றம் பழைய வண்டியின் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது.

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஃபுட்ரெஸ்டை மடக்கினான். தன் வீட்டு ஷெட்டில் தன் வண்டியைத் தொட ஒருவன் திருட்டு முழி முழிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

மனைவி கையில் துணியோடு வந்தாள். தினமும் காலையில் அவள் பழைய வண்டியின் பின்சீட்டைத் துடைப்பாள். முன்சீட்டைத் துடைக்க மாட்டாள்.

"என்னங்க, இதை ஸ்பேனர்கிட்ட தள்ளிவிடப் போறீங்களா?"

ஸ்பேனர் என்பது தெருமுனை மெக்கானிக். அவருடைய சொந்தப் பெயரை அவரே மறந்து பல வருஷம் இருக்கும்.

"ரெண்டு வண்டி நிக்க இங்க எடம் ஏது?"

"துணிக்கொடியை வேணா நான் மாத்திக் கட்டிக்கிறேன். இது இருக்கட்டுமே. தம்பி உட்கார்ந்து வந்த வண்டி." சீட்டின் நுனியை இன்னொரு தடவை துடைத்தாள். "அந்த லாரிக்காரன் மட்டும் ஒரு நிமிஷம் நின்னு பார்த்திருந்தா பிழைச்சிருப்பான். அவனெல்லாம் ஒரு மனுஷனா? அவனுக்கு அக்கா தங்கச்சி இருக்காதா?"

அவன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். ஒன்றரை வருஷமாகத் தினமும் இந்த லாரிக்காரனுக்கு அர்ச்சனை நடக்கிறது. ஒவ்வொரு வார்த்தையும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சரியாகப் போய்ச் சேருகிறது. ஏனென்றால் அந்த லாரியே கிடையாது.

செத்துப்போனது அவளுடைய தம்பி, பஸ் கண்டக்டர். டிப்போவிலிருந்து அவனை ஏற்றிக்கொண்டு வருவதுதான் பழைய வண்டியின் தினசரி வேலை. பின்னால் ஏறியதும் மச்சினன் மாமாவின் வலது தோளில் விரலால் தட்டுவான். ரெண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்து. பஸ்ஸில் விசிலால் செய்வதை வீட்டு வண்டியில் விரலால் செய்தான். நாளாக ஆக அந்த ரெண்டு தட்டு விழாமல் மாமாவுக்குக் கியர் போடவே கால் வராது என்றாகிவிட்டது.

அன்று மழை. மெயின் ரோட்டு முக்கு தாண்டி இருநூறு அடியில் ஒரு வேகத்தடை. அதற்கு முன்னால் தோளில் ஒரு தட்டு விழுந்தது. சிகரெட்டுக்கு ஒரு தட்டு, கடலைக்கு ஒரு தட்டு, தெரிந்த மூஞ்சியைப் பார்த்தால் ஒரு தட்டு என்று அன்றைக்கு ஏற்கெனவே மூன்று தடவை நிறுத்தியாயிற்று. போடா, வீட்டில் போய் இறங்கிக்கொள் என்று நினைத்து அவன் நிறுத்தவில்லை. வேகத்தடையில் வண்டி குதித்தது. குதித்து இறங்கியபோது லேசாக இருந்தது.

தெரிந்தது. அந்த நொடியே தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தான், ரோட்டில் ஒரு குவியல், அதிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது. அடுத்த திருப்பத்தில் திரும்பலாம் என்று நினைத்தான். திருப்பம் வந்தது, போயிற்று. பயம், வேறொன்றுமில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான், ஃபுட்ரெஸ்டுக்கும் சைலன்சருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த இடதுகால் ஷூவைப் பார்த்தான். அதை எடுத்துச் சட்டைக்குள் செருகும்போது கதவு திறந்தது.

"தம்பி எங்க?"

"முக்குல இறங்கிட்டான். நடந்து வர்றான்."

வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு திரும்பிப் போனால் சொன்னது பொய்யாகிவிடும். நாற்பது நிமிஷம் கழித்து, மனைவியோடு சேர்ந்து தேடப் போகிறவனாகத்தான் போனான். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். நடந்து வந்தவனை ஏதோ லாரி அடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவனும் ஆமாம் என்றான்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே ஷூவை ஒழித்துவிட்டான். அவனுக்கு வேலை எடைமேடையில், லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது. குப்பை லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றபோது, பின்பக்கம் போய் ஷூவை அதற்குள் வீசிவிட்டு, உள்ளே வந்து சீட்டு அடித்துக் கொடுத்தான். அவ்வளவு கேவலமான மனுஷன் தான் என்பது அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்று வேலைக்குப் போகும் வழியில் பழைய வண்டியை ஸ்பேனரிடம் காட்டினான். ஸ்பேனர் சுற்றி வந்து, குத்துக்காலிட்டு, பின்சக்கரத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், முன்னாடி நல்லா நிக்குது. பின்னாடி ஸ்பிரிங் அமுங்கியே இருக்கே. யாரையோ ஏத்தி வெச்ச மாதிரி."

"பழசாச்சுல்ல."

"பழசானா வேற மாதிரி இருக்கும் சார்." அவர் பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு கையை எடுத்து, உள்ளங்கையைப் பார்த்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "வண்டியை எங்கயாவது கழுவினீங்களா? ஈரமா இருக்கு."

"இல்லையே."

"சரி, சாயங்காலம் வர்றப்போ விட்டுட்டுப் போங்க. நான் எடுத்துக்கிறேன்."

கொடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா? வைத்துக்கொண்டால் தினமும் காலையில் அவள் அந்தச் சீட்டைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வேலை நேரம் முழுக்க இதையே மென்றுகொண்டிருந்தான். கடைசி லாரி போன பிறகு, ஆறு மணி வெளிச்சத்தில், மரத்தடியில் நின்ற பழைய வண்டியைப் பார்த்தான். மடக்கிவிட்டு வந்த ஃபுட்ரெஸ்ட் இறங்கியிருந்தது.

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எடைமேடையில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

முன்பு ஒரு நாள் இதே மேடையில் ஒரு கூத்து நடந்தது. மச்சினன் இதே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாமா, எனக்கு ஒரு சீட்டுப் போடுங்க" என்றான். அவனும் போட்டுக் கொடுத்தான். வண்டி காலியாக நூற்று முப்பது. ஆளோடு நூற்றுத் தொண்ணூறு. சரக்கு: கண்டக்டர். நிகர எடை: அறுபது கிலோ. அந்தச் சீட்டு இன்னும் வீட்டில், மச்சினனின் போட்டோவுக்குப் பின்னால் செருகியிருக்கிறது.

அறைக்குள் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தான். மேடையின் நடுவில் வண்டி மட்டும். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. சிவப்பு எண்களைப் பார்த்தான்.

190.

வண்டியை இறக்கினான். மிஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். மறுபடி ஏற்றினான். தள்ளும்போது கை வலித்தது. ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியைத் தள்ளினால் வலிக்கும் அதே வலி.

190.

ஜன்னலுக்கு வெளியே, அசையாமல் நின்ற வண்டியின் பின் ஸ்பிரிங் கிறீச் என்றது, யாரோ உட்கார்ந்த வாக்கில் சற்று நகர்ந்து கொண்டதுபோல.

அப்போதே வீட்டுக்கு நடந்து போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்துகூடப் பார்த்தான், அந்தக் காலி அறையில். "நான்தான்" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வெட்கம் காதுமடல் வரைக்கும் சுட்டது. பிறகுதான் அந்த யோசனை வந்தது, அவனைப் போன்ற ஒருவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. முக்கில் இறக்கிவிட்டேன் என்றுதானே சொன்னோம். அன்று இறக்கிவிடவில்லை. இன்று இறக்கிவிட்டால் என்ன? இறக்கிவிட்டபின் வண்டி வெறும் வண்டி. சொன்னதும் பொய்யில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்தான். உதைத்தான். எஞ்சின் பிடித்தது. பழக்கத்தில் கால் கியர் போடாமல் காத்திருந்தது.

வலது தோளில் ரெண்டு தட்டு விழுந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. பிடரியில் ஈர நாற்றம் மூச்சுபோல வந்து வந்து போனது. வழியெல்லாம் கடைகளில் விளக்கு, சிரிப்பு, ஏதோ ரேடியோ. யாரும் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு நாய் மட்டும் பார்த்தது, பின்வாங்கி ஒரு வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

முக்கு வந்தது. நிறுத்தினான்.

"இறங்குப்பா," என்றான். "இங்கதான். நீ இங்க இறங்கிட்டதாத்தான் உங்க அக்காகிட்ட சொல்லியிருக்கேன். இறங்கிடு, நல்லா இருப்ப."

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஸ்பிரிங் மெல்ல, மிக மெல்ல, எழும்பியது. வண்டி லேசானது.

அந்த லேசு அவனுக்குத் தெரியும்.

அன்று போலவே நிற்காமல் போனான். வேகத்தடையில் வண்டி காலிப் பாத்திரமாகத் துள்ளியது. ஸ்பேனரின் கடையில் சாவியைக் கொடுத்தபோது அவர் பின்பக்கத்தை ஒரு தடவை அழுத்திவிட்டு, "அட, இப்போ ஸ்பிரிங் ஜம்முனு இருக்கே!" என்று சிரித்தார். அவனும் சிரித்தான். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு வயிறு வரைக்கும் இறங்கியது. அங்கிருந்து வீட்டுக்கு நாலு வீடுதான்.

மனைவி அழவில்லை. காலி இடத்தையே பார்த்துக்கொண்டு ஷெட்டில் நின்றாள். பிறகு உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"முக்குல இறங்கினப்போ என்ன சொன்னான்? இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் அடிக்கடி கேட்பாள். அவனும் சொல்வான். இன்று சொல்வது சுலபமாக இருந்தது, அதுதான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"'நீங்க போங்க மாமா, நான் நடந்து வர்றேன்'னான்."

"நடந்து வர்றேன்னு சொன்னானா?"

"ஆமா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. முக்கிலிருந்து வீட்டுக்கு நடந்து வரப் பத்து நிமிஷம் ஆகும். அதை அவன் நினைக்க விரும்பவில்லை. நினைத்தான். சாவி கொடுத்தது, சிரித்தது, இங்கே உட்கார்ந்தது. எட்டு நிமிஷம். ஒன்பது.

தெருவில் காலடி கேட்டது.

ஒரு கால் ஷூவோடு. டக். மறு கால் வெறுங்காலோடு, ஈரமாக. சப்.

டக். சப்.

தெருமுனை. ஸ்பேனர் கடை. முதல் வீடு. ரெண்டாவது.

"யாரோ வர்றாங்க," என்றாள் அவள்.

"போகாத."

"ஏன்?"

டக். சப். மூன்றாவது வீடு.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை இப்போதும் சொல்ல முடியவில்லை. அவள் எழுந்தாள். கேட்டுக்குப் போனாள். அவன் நாற்காலியில் இருந்தான்.

கொக்கி விழும் சத்தம். கேட் திறந்தது. வெளியே தெருவிளக்கு, காலித் தெரு, காய்ந்த மண். யாரும் இல்லை.

"ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றாள் அவள்.

பழைய குரல். தம்பிக்கு மட்டும் வைத்திருந்த குரல்.

பிறகு தலையைச் சற்றுச் சாய்த்து, கேட்டின் மேல் கை வைத்தபடி நின்றாள். கேட்டாள். ம், என்றாள். ம். மறுபடி ம். நடுவில் ஒரு தடவை கை வாய்க்குப் போனது. ரொம்ப நேரம் கேட்டாள்.

பிறகு திரும்பினாள்.

அவனைப் பார்த்தாள். அவளுடைய வலது தோளில் துணி நனைந்து ஒட்டியிருந்தது, ஓர் உள்ளங்கையும் ஐந்து விரலுமாக. அவள் உள்ளே வந்தாள். டக் சப் டக் சப் என்று அவளுக்குப் பின்னால் அதுவும் வந்தது. அவள் நாற்காலிக்குப் பின்புறமாகச் சுற்றி வந்து நின்று, அவன் தோளில் விரலால் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.