கூடாரத்துக்கு மேலே கடல்

இமயமலையின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், தூத்துக்குடிக்காரர்கள் இரண்டு பேர் கூடாரத்துக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். அக்கா ஜெனோவா, தம்பி ராயன். மேலே தெரிந்த கறுத்த மலைச்சரிவில் கல்லாய்ப்போன சங்குகள் கிடப்பதாக அவர்களுடைய அப்பா சொல்வார். பட்டாளத்தில் இருந்தபோது கண்ணால் பார்த்தாராம். ஊரில் யார் நம்பினார்கள்? "மலையில சங்கு பொறுக்குன மனுசன்" என்று சர்ச் வாசலில்கூடக் கிண்டல். இப்போது அப்பா படுத்த படுக்கை. அவர் கண்மூடுவதற்குள் அந்தச் சங்கைப் படமெடுத்துக் காட்டிவிட வேண்டும் என்றுதான் ஜெனோவா கிளம்பி வந்தாள்.

வழிகாட்டி தோர்ஜே கறாராகச் சொல்லிவிட்டார். காலையிலும் நடுக்கம் நிற்காவிட்டால் மேலே ஏற விடமாட்டார், நேரே கீழேதான்.

விடுவார்களா நம் ஆட்கள்? படகில் பனிக்குப் பயந்து தலையோடு காலாகத் தார்ப்பாயை இழுத்து மூடிப் பழகியவர்கள். கூடாரத்தின் ஜிப்பை இறுக்கிப் பூட்டினார்கள். காற்றுக்கென்று மேலே விட்டிருந்த திறப்பில் துண்டைத் திணித்தார்கள். ஸ்லீப்பிங் பேக்குக்குள் தலையையும் இழுத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஜெனோவா தலையை நீட்டித் தடவிப் பார்த்தாள். கூடாரத் துணியெல்லாம் ஈரம். ஸ்லீப்பிங் பேக்கின் வாயும் நனைந்து சில்லிட்டிருந்தது.

"மழ பெய்யுதாக்கா?" ராயனின் பற்கள் தந்தியடித்தன.

"மழயுமில்ல, ஒண்ணுமில்ல. நம்ம மூச்சுதாம்ல. கருவாட்டக் காத்துப்போகாம கட்டி வச்சா வேர்த்துப் போகும்லா? இப்ப நாமதான் கருவாடு."

"அதுக்குத் தொறக்கணுமா? வெறச்சிச் செத்துருவோம்க்கா."

"நனஞ்சு கெடந்தாத்தாம்ல சாவோம். எந்திரி."

துண்டைப் பிடுங்கியதும் காற்று சுரீரென்று இறங்கியது. ராயன் மாதாவைக் கூப்பிட்டான். அவள் அசரவில்லை. துணியைத் துடைத்தாள். ஈரக் காலுறையைக் கழற்றிக் காய்ந்ததை மாட்ட வைத்தாள். தரைக்குளிர் ஏறாதபடி பாய்க்கடியில் கயிற்றையும் காலிப் பைகளையும் பரப்பினாள். ஃபிளாஸ்க் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றிக் காலடியில் வைத்தாள். மூக்கை மட்டும் வெளியே விட்டுப் படுத்தார்கள். மெல்ல மெல்ல உடம்பில் சூடு ஏறியது.

திறப்பு வழியே வானம் தெரிந்தது. ஒரு சாண் இடத்தில் அத்தனை நட்சத்திரங்கள்! பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவர்கள். அவர்களே இத்தனையைப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார்கள்.

விடிந்ததும் தோர்ஜே இருவர் கையையும் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. மலையை நோக்கிக் கை காட்டினார்.

உச்சிவெயிலில் அந்தச் சரிவை அடைந்தார்கள். கால்வைத்த இடமெல்லாம் கறுப்புச் சுருள்கள். ஜெனோவா ஒன்றை எடுத்தாள். வரிவரியாகச் சுருண்டு, கல்லாகக் கனத்தது. சுற்றிலும் பனிச்சிகரங்கள். இத்தனை உயரமும் ஒருகாலத்தில் கடலுக்கடியில் கிடந்த தரையா? கடற்கரையில் சங்கு பொறுக்குபவளைப்போல அவள் மெதுவாக மண்டியிட்டாள்.

"அப்பா பொய் சொல்லலக்கா" என்றான் ராயன்.

எடுத்துப்போகக் கூடாது என்றார் தோர்ஜே. படம் எடுத்துக்கொண்டு, சங்கை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

தூத்துக்குடி வீட்டில் அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அதே சரிவுதாம்மா. குளிர எப்டித் தாங்குனிய?"

"தொறந்து வச்சுட்டுப் படுத்தோம்ப்பா."

அப்பா சிரித்தார். கிண்டலுக்குப் பயந்து பல நாளாகச் சாத்திக் கிடந்த தெருச் சன்னலை நோக்கிக் கையைத் தூக்கினார்.

"அப்ப அதயும் தொறந்து விடு. போறவன் வாறவன்லாம் வந்து பாக்கட்டும்."